விருந்தாளியாக எத்தனை காலம்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயாவுக்கு,

தாய்லாந்தின் சியாங் மாயில் வாழ்ந்த ஐந்தாண்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை நானும் மனைவியும் சேர்ந்தே படித்தோம். எனக்கு 58 வயது, அவளுக்கு 55. 1993இல் டொரொண்டோவுக்கு வந்தோம். பெண்கள் இருவருக்கும் திருமணம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பனிக்காலமும் என் முதுகை ஒடித்துப் போடுகிறது. வீட்டை விற்றுவிட்டுத் தாய்லாந்துக்கே குடிபோகலாம் என்று இரண்டு வருடமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மாதம் மூவாயிரம் கனடிய டாலர் இருந்தால் ராஜா மாதிரி வாழலாம் என்கிறார்கள். சியாங் மாயை ஒட்டிய ஹாங் டோங் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறேன். வெளிநாட்டவர் பெயரில் வாங்க முடியாதாம், ஆனால் ஒரு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் வாங்கலாம் என்று தரகர் சொல்கிறார். மனைவி இன்னும் முழுமனதாக ஒத்துக்கொள்ளவில்லை. வாரக்கடைசியில் இருபது பிள்ளைகளுக்கு பரதம் சொல்லிக்கொடுக்கிறாள். அதை அங்கேயும் செய்யலாம் என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன். செலவுக் கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் செய்வது சரியா? மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

மனை விஷயத்தில்தான் அவசரம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தாய்லாந்தின் நிலச் சட்டம் 1954இல் வந்தது. வெளிநாட்டவர் சாதாரணமாக நிலம் வாங்க அதில் வழியில்லை. தரகர் சொல்லும் கம்பெனி வழி, பெயருக்குச் சில தாய்லாந்துக்காரர்களைப் பங்குதாரர்களாகக் காட்டிவிட்டுப் பணம் முழுவதையும் நீங்கள் போடுவது. அதுவும் சட்டப்படி குற்றம். பல வருடம் யாரும் கேட்காமல் இருக்கலாம். கேட்கிற நாளில் உங்களுக்கு எழுபது வயது இருக்கும், தரகர் இருக்கமாட்டார். சொந்தமாக ஏதாவது வேண்டும் என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கலாம். ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கவும் முடியும், அதிகபட்சம் 30 ஆண்டு. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். “முப்பது முடிந்ததும் இன்னொரு முப்பது” என்று பத்திரத்தில் எழுதித் தருவார்கள். அதை நம்பி வீடு கட்டாதீர்கள்.

எங்கள் சந்தில் ஓர் ஐரோப்பியர் இருந்தார், ஓய்வுபெற்ற தச்சர். கூட வாழ்ந்த பெண்ணின் பெயரில் மனை வாங்கி, தன் கையாலேயே தேக்குமர வீடு கட்டினார். மாடிப்படியின் கைப்பிடியை மட்டும் நான்கு மாதம் இழைத்தார். போகும்போதெல்லாம் தடவிப் பார்ப்பேன், கண்ணாடிபோல் இருக்கும். அந்த அம்மாள் திடீரென்று இறந்துபோனார். இருவரும் திருமணத்தைப் பதிவு செய்திருக்கவில்லை. நிலம் அந்த அம்மாளின் தம்பிகளுக்குப் போனது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள். இரண்டு பெட்டிகளோடு அவர் கிளம்பிய காலையில் வாசல்வரை கூடப் போனேன். வீட்டை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. முதல் இரண்டு வருடமாவது வாடகைக்கு இருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு அவர்தான் காரணம்.

இனி உங்கள் கணக்கு. மூவாயிரம் டாலர் சியாங் மாயில் இருவருக்கு நல்ல தொகைதான். நீங்கள் போட்ட வாடகை, சாப்பாடு, வண்டிச் செலவில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆனால் மொத்தக் கணக்கும் தாய்லாந்து நாணயமான பாட்டின் இன்றைய விலையில் நிற்கிறது. 2011, 2012 வாக்கில் ஒரு கனடிய டாலருக்கு 30 பாட்டுக்கு மேல் கிடைத்தது. அண்மைக் காலத்தில் 23, 24 பாட்டுக்கு வந்துவிட்டது. சந்தையில் ஒரு பொருளும் விலை ஏறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் உங்கள் டாலரில் ஏறக்குறைய கால்பங்கு போயிருக்கும். உங்களுக்கு இன்னும் முப்பது வருட வாழ்க்கை இருக்கிறது என்று நம்புகிறேன். அந்த முப்பது வருடத்துக்கும் அந்த ஊர் இதே அளவு மலிவாக இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. வரியும் மாறியிருக்கிறது. ஒரு வருடத்தில் 180 நாள் அங்கே தங்கினால், 2024 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை எந்த ஆண்டில் உள்ளே கொண்டுவந்தாலும் அது வரிக்கணக்கில் வரும். கிளம்பும் முன்பே இரண்டு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் ஒருவரைப் பாருங்கள்.

கணக்கில் நீங்கள் எழுதாமல் விட்டது வைத்தியம். தாய்லாந்தில் 2001இல் தொடங்கிய ‘30 பாட்’ மருத்துவத் திட்டத்தை உலகமே பாராட்டுகிறது. அது அந்நாட்டுக் குடிமக்களுக்கானது. நீங்கள் காப்பீடு வாங்க வேண்டும். வயது ஏற ஏற அதன் பிரீமியமும் ஏறும். ஏற்கெனவே இருக்கும் முதுகுவலியைக் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்பார்கள். நீங்கள் குடிபோகக் காரணமான நோய்க்கே காப்பீடு இருக்காது. இன்னொரு பக்கம், உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தின் அரசு மருத்துவக் காப்பீடு தொடர வேண்டுமானால் பொதுவாக ஒவ்வொரு 12 மாதத்திலும் 153 நாள் ஒன்டாரியோவில் இருந்தாக வேண்டும். முழுக்கக் குடிபெயர்ந்தால் அது கையைவிட்டுப் போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே, வீட்டை விற்காமல் பனி மாதங்களில் மட்டும் போய்வருவதை யோசியுங்கள் என்பேன்.

அங்கே வாழும் அனுமதி எப்படிப்பட்டது என்பதையும் கிட்ட வைத்துக் காட்டுகிறேன். ஓய்வுகால அனுமதிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். அந்நாட்டு வங்கியில் எட்டு லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். ஒவ்வொரு வருடமும் மறுபடி கேட்க வேண்டும். நடுவில் 90 நாளுக்கு ஒருமுறை “இன்ன முகவரியில் இருக்கிறேன்” என்று இமிகிரேஷன் ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிலுக்கு விரல் நீளத்தில் ஒரு துண்டுச்சீட்டைப் பாஸ்போர்ட்டில் தைத்துத் தருவார்கள். அடுத்து வரவேண்டிய தேதி அதில் இருக்கும். ஐந்து வருடம் அந்தத் தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள் என் மனைவி. 2019இல் அம்மாவுக்கு முடியவில்லை என்று ஓடிய அவசரத்தில், நாட்டைவிட்டு வெளியேறும் முன் வாங்க வேண்டிய ரீ-என்ட்ரி பெர்மிட்டை நான் வாங்கவில்லை. விமானம் கிளம்பியதோடு அந்த வருடத்து அனுமதி முடிந்துபோனது. திரும்பிவந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன்.

மறு வருடம் 2020 ஏப்ரலில் என் அக்கா இறந்தாள். இந்தியா மார்ச் கடைசியிலேயே பன்னாட்டு விமானங்களை நிறுத்தியிருந்தது. தாய்லாந்தும் ஏப்ரல் தொடக்கத்தில் மூடிக்கொண்டது. தம்பி மகன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அக்காவின் கால்மாட்டை மட்டும்தான் பார்த்தேன். படம் அங்கேயே உறைந்து நின்றுவிட்டது. டொரொண்டோவில் இருந்திருந்தாலும் இதே கதிதானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அங்கே உங்களைப் பார்க்க ஒரு கூட்டம் வீடு தேடி வந்திருக்கும். அன்று என் வாசலுக்கு வந்தது வீட்டுக்காரம்மா ஒருவர் மட்டும். கையில் ஒரு மல்லிகைச் சரம். என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் அவர் மொழியில் வார்த்தை போதவில்லை. கொஞ்ச நேரம் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் நான் மொழியை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். அதுவரை இரண்டு வருடத்தை வீணடித்திருந்தேன். ஐந்து தொனிகள், 44 மெய்யெழுத்துகள் என்று கேட்டாலே பயமாக இருக்கும். ‘மாய்’ என்ற ஒரே ஒலி தொனிக்கு ஏற்ப புதிது, மரம், இல்லை, எரிதல் என்றெல்லாம் ஆகும். ஐந்து ‘மாய்’களை வரிசையாகச் சொன்னால் “புது மரம் எரியாதா?” என்று ஒரு முழு வாக்கியமே கிடைக்கும். சியாங் மாய் என்ற பெயரின் மாய்க்குப் ‘புதிது’ என்று பொருள். புது நகரம். 1296இல் கட்டிய நகரத்துக்கு இன்னும் அதுதான் பெயர். எழுத்தைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டாம். பல்லவ எழுத்து கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாகப் போய் உண்டானது அது. ‘கே’ எழுதும்போது நாம் கொம்பை முன்னால் போட்டுவிட்டுக் ககரத்தைப் பின்னால் எழுதுகிறோம் இல்லையா, அங்கேயும் அப்படியே. உயிர்க்குறி முன்னால் நிற்க ஒலி பின்னால் வருவது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்குத் தலைவேதனை. என் வகுப்பில் அது எனக்கு ஒரு நாள் பாடம்தான்.

மொழி கொஞ்சம் வந்த பிறகு ஊரே வேறாகத் தெரிந்தது. முன்பின் தெரியாதவரையும் வயது பார்த்து உறவு சொல்லிக் கூப்பிடுவது அவர்களுக்கும் வழக்கம். காய்கறிக்காரி என்னை ‘லுங்’ என்றாள், பெரியப்பா. நான் அவளை ‘நோங்’ என்றேன், தங்கச்சி. ஆனால் நான் இல்லாத இடத்தில் என்னைக் குறிக்க அவர்கள் பயன்படுத்திய சொல் வேறு. நம் ஊர்க்காரர்களை அங்கே ‘கேக்’ என்பார்கள். பாங்காக் சீலோம் சாலையில் நம்மவர் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கும் ‘வாட் கேக்’ என்றுதான் பெயர். அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் விருந்தாளி. சிலர் வாயில் அது இளக்காரமாகவும் வரும், பெரும்பாலோர் சாதாரணமாகச் சொல்வார்கள். நான் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டேன். என் நிலைமையை அதைவிடச் சரியாக எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லவில்லை. விருந்தாளிக்கு மரியாதை உண்டு, நல்ல சாப்பாடு உண்டு, வீட்டுப் பத்திரத்தில் பெயர் கிடையாது. இதை மனதார ஏற்க முடிந்தவர்கள் அங்கே சந்தோஷமாக இருக்கிறார்கள். ராஜா மாதிரி வாழ வந்தவர்கள்தான் மூன்றாம் வருடம் கசந்துபோய் நாள் முழுக்க அந்த நாட்டைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் உங்கள் கடிதத்தில் ‘ராஜா’ என்ற சொல்லைப் பார்த்ததும் கவலைப்பட்டேன்.

புகையைப் பற்றி யாராவது சொன்னார்களா? சியாங் மாய் மலைகளுக்கு நடுவே குழியில் இருக்கும் ஊர். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீ, சோளத்தட்டை எரிப்பு, எல்லை தாண்டி மியான்மரிலிருந்தும் லாவோஸிலிருந்தும் வரும் புகை எல்லாம் அந்தக் குழியில் வந்து தேங்கும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து சுத்தேப் மலை கைக்கு எட்டுகிற மாதிரித் தெரியும், இரவில் கோயில் விளக்குகளை எண்ணலாம். 2023 மார்ச்சில் மலை இருந்த இடமே தெரியவில்லை. உலகிலேயே காற்று மிக மோசமான நகரம் என்று அந்த மாதம் பல நாள் சியாங் மாயின் பெயர் முதலில் வந்தது. கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து, காற்றுச் சுத்திகரிப்பானை இரவும் பகலும் ஓட்டினோம். வெள்ளை ஃபில்டர் மூன்று வாரத்தில் அடுப்புக்கரி நிறமாகிவிட்டது. மனைவிக்கு இருமல் நிற்கவில்லை. அந்த ஆண்டே கிளம்பிவிட்டோம். விமான நிலையத்தில் அவள் அழுதாள். அந்த ஊரை அவள் என்னைவிட அதிகம் நேசித்தாள்.

இப்போது உங்கள் மனைவி. செலவுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு மூன்றே வரி. நண்பராக உரிமை எடுத்துச் சொல்கிறேன், நீங்கள் சொல்லி வைத்திருக்கும் சமாதானம் உண்மையில்லை. ஓய்வுகால அனுமதியில் இருப்பவர் அங்கே வேலை செய்யக் கூடாது. காசு வாங்காமல் சொல்லிக்கொடுப்பதற்கும் வேலை அனுமதி கேட்கிற நாடு அது. இருபது பிள்ளைகள் சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்து தட்டுக்கழி சத்தத்துக்கு ஆடிவிட்டுப் போவது உங்களுக்கு வாரக்கடைசியாக இருக்கலாம். அவருக்கு அதுதான் மொத்த வாரமாகவும் இருக்கக்கூடும். முதுகுவலி உங்களுடையது, விட்டுக்கொடுப்பது மட்டும் அவருடையதா? இந்தக் கடிதத்தையும் சேர்ந்தே படிப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலை அனுமதி விஷயத்தை என் வாயால் அவர் தெரிந்துகொள்ளும் முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையின் நல்ல ஐந்து வருடங்களில் அவையும் சேரும். மலிவு என்பதற்காக மட்டும் போகாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். நவம்பரில் போனால் யாருக்கும் அந்த ஊர் பிடித்துப்போகும், குளுகுளுவென்று இருக்கும், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். நீங்கள் மார்ச்சில் போங்கள், முகக்கவசத்தோடு. இரண்டு பேரும் போங்கள். ஒரு மாதத்துக்கு வீடு எடுங்கள், காலையில் மொழி வகுப்புக்குப் போங்கள், தரகரைப் பார்க்காதீர்கள். ஏப்ரல் நடுவில் சோங்கிரான் புத்தாண்டு வரும், அது நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் வரும். முடிந்தால் அதுவரை இருங்கள். பெரியவர்களின் உள்ளங்கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவார்கள். உங்கள் வயதுக்கு உங்கள் கையிலும் யாராவது ஊற்றுவார்கள்.

திரும்பியதும் எனக்கு எழுதுங்கள். இந்த முறை கடிதத்தை அவரும் எழுதட்டும்.

அன்புடன்.