அப்பாவின் நாக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் ஒருமுறை குறிப்பிட்டதால் ‘பாட்ரிக் மெல்ரோஸ்’ தொடரை இரண்டு இரவுகளில் பார்த்து முடித்தேன். என் அண்ணன் பல வருடம் போதையில் இருந்தவன். இப்போது எட்டு மாதமாக எதையும் தொடவில்லை. அதனால்தான் கேட்கிறேன். முதல் அத்தியாயத்தில் பாட்ரிக் ஊசியும் மாத்திரையுமாக நியூயார்க்கில் தடுமாறுவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த அத்தியாயத்தில் அந்த அப்பா எட்டு வயதுப் பையனை அறைக்குள் கூப்பிட்டதும் கூசிப்போனேன். நான் சிரித்தது தவறா? அதோடு, இவ்வளவு சொத்தும் வீடும் உள்ளவனுக்காக நான் ஏன் அழ வேண்டும் என்று ஓர் எரிச்சலும் வந்தது. அண்ணனுக்கு இதைக் காட்டலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சிரித்ததற்காக வருந்த வேண்டாம். நீங்கள் சிரிக்க வேண்டும் என்றுதான் அப்படி எடுத்திருக்கிறார்கள்.

இந்தத் தொடருக்கு மூலம் எட்வர்ட் செயின்ட் ஆபின் எழுதிய ஐந்து நாவல்கள். அவற்றில் முதலாவது, அப்பாவின் பாலியல் கொடுமைக்கு ஆளாகும் குழந்தையின் கதை. தென்பிரான்ஸில் ஒரு வீடு, ஒரு நாள், அவ்வளவுதான். ஹெராயினும் நியூயார்க்கும் இரண்டாவது நாவலில் வருகின்றன. இரண்டுமே 1992இல் வெளியானவை. 2018இல் இதைத் தொடராக்கும்போது திரைக்கதை எழுதிய டேவிட் நிக்கல்ஸ் இவை இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். முதலில் போதை, பிறகு குழந்தை.

இந்த இடமாற்றத்தில்தான் தொடரின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். குழந்தையை முதலில் பார்த்திருந்தால் இரக்கத்தைத் தயாராக வைத்துக்கொண்டு பாட்ரிக்கிடம் போயிருப்போம். இங்கே அப்படியில்லை. அப்பா செத்துப்போனார் என்று தொலைபேசியில் செய்தி வருகிறது. அவனோ அப்போதுதான் ஊசி போட்டுக்கொண்டவன், கீழே விழுந்த ஊசியைக் குனிந்து எடுக்கவே பாடுபடுகிறான். பிறகு அப்பாவின் சாம்பல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைகிறான். பொய் சொல்கிறான், எரிந்து விழுகிறான், நம்மைச் சிரிக்கவும் வைக்கிறான். போதையில் இருப்பவனை உலகம் இப்படித்தான் சந்திக்கிறது. தொல்லையாக, அல்லது வேடிக்கையாக. அவனுடைய எட்டு வயது யாருக்கும் முதலில் தெரிவதில்லை. உங்கள் அண்ணன் விஷயத்தில் இது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? பாட்ரிக்கின் கேலி யாருடையது? இரண்டாம் அத்தியாயத்தில் ஹூகோ வீவிங் நடித்த அந்த அப்பா மேசையில் பேசுவதைக் கேளுங்கள். அதே நிதானம், அதே குத்தல், எதிரே இருப்பவரைச் சுருங்கவைத்துவிட்டுக் கோப்பையை எடுக்கும் அதே தோரணை. முதல் அத்தியாயத்தில் நாம் ரசித்துச் சிரித்தது அப்பா விட்டுப்போன நாக்கை. அப்பாவை வெறுப்பவன் அப்பாவின் குரலிலேயே வெறுக்கிறான். ஹெராயினைக்கூட விட்டுவிடலாம், இந்தக் குத்தல் பேச்சை விடுவதுதான் கடினம் என்ற பொருளில் அவனே ஓரிடத்தில் பேசுகிறான். பாட்ரிக்காக நடித்த பெனடிக்ட் கம்பர்பேட்ச் ஊசியோடு புரளும் காட்சிகளை எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு அவர் நடிப்பின் உச்சம் மூன்றாம் அத்தியாயத்தில். உணவு மேசையில் நண்பன் ஜானியிடம் முதன்முறையாக விஷயத்தைச் சொல்லும் இடம். கேலியில்லாமல் ஒரு வாக்கியம் பேசுவதற்கு அந்த மனிதன் படும் பாடு! (ஜானியாக நடித்தவர் பிரசன்னா புவனராஜா. பெயரைப் பார்த்ததும் நம் காது நிமிரத்தான் செய்கிறது.) கேட்பவன் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. சொல்லாததுதான் சரி.

அப்பா பையனைக் கூப்பிட்ட அந்த அறைக்குள் கேமரா போகவில்லை. இயக்குநர் எட்வர்ட் பெர்கருக்கு இதற்காகவே ஒரு வணக்கம். தன் இளமையில் நடந்ததுதான் இந்தக் கதைக்கு அடிப்படை என்று செயின்ட் ஆபின் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். ஆகவே அந்தக் கதவைத் திறந்து காட்டினால்தான் நம்புவோம் என்பதில்லை.

பணம் பற்றிய எரிச்சல் எனக்கும் இருந்தது, மூன்றாம் அத்தியாயம் வரை. அங்கே விருந்தில் பிரிட்டிஷ் அரசியின் தங்கை இளவரசி மார்கரெட்டின் உடையில் பிரெஞ்சுத் தூதர் குழம்பைச் சிந்திவிடுகிறார். அவரை மண்டியிட்டுத் துடைக்கவைக்கிறாள் இளவரசி. இத்தனை பேர் பார்க்கிறார்கள், ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்தத் தென்பிரான்ஸ் வீட்டில் விருந்தாளிகளும் அம்மாவும் எப்படி வாய் மூடியிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதையும் நேராகச் சொல்வது நாகரிகக் குறைவு என்று பழகிய கூட்டம் அது. பணம் அந்தப் பையனைக் காப்பாற்றவில்லை, அவன் அறைக் கதவுக்குக் கூடுதலாக ஒரு பூட்டுப் போட்டது. ஆனாலும் அழ வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் அழவில்லை.

இனி அண்ணன். இந்தத் தொடரைப் பார்த்துவிட்டு அவருடைய சிறுவயதில் துப்பறிய ஆரம்பித்துவிடாதீர்கள், அதுதான் என் பயம். அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளை அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிடக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை அதிகம் என்று அது சொன்னது. அதைத் தலைகீழாகப் படித்து, போதைக்குள் போன ஒவ்வொருவருக்கும் பின்னால் ஓர் அறை இருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. அப்படி ஒன்று இருந்தாலும், அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது அண்ணனுடைய உரிமை. பாட்ரிக்கே இத்தனை வருடம் கழித்து முதலில் ஒரு நண்பனிடம்தான் சொன்னான்.

முதல் அத்தியாயத்தை இப்போது காட்ட வேண்டாம். ஊசியை அத்தனை நெருக்கத்தில் பார்ப்பதே, விட்டவருக்குப் பழைய தவிப்பைக் கிளப்பிவிடக்கூடும். எட்டு மாதம் மிகச் சிறிய காலம். இப்படி ஒரு தொடர் இருக்கிறது, அதில் இன்னின்ன காட்சிகள் வரும் என்று மட்டும் சொல்லிவையுங்கள். அவருக்கு ஆலோசகர் இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் பார்க்கட்டும். எப்போதாவது பார்த்து, அவரும் அதே இடத்தில் சிரித்தால் நீங்களும் கூடச் சிரியுங்கள்.