ஹெட் போல்ட் ஓட்டையில் டேப் விடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களுடையது மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர். ரேடியேட்டரில் குமிழி வந்ததால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம், அதன் அடியில் இருக்கும் கேஸ்கட் போயிருந்தது. பிளாக்கில் ஹெட் போல்ட் ஓட்டைகள் எல்லாம் துருவும் கரியுமாக இருக்கின்றன. மரை வெட்டும் டேப்பை விட்டு எடுத்தால் புதுசு போல ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக் அண்ணன். டேப் விட்டால் மரை போய்விடும், டீசல் ஊற்றிக் கழுவினால் போதும் என்கிறார் என் சித்தப்பா. எதைச் செய்வது?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: சித்தப்பாவின் பயம் நியாயமானது. ஆனால் அந்த டீசல் யோசனை டேப்பைவிட ஆபத்து, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

டேப் மரை வெட்டுவதற்கென்று செய்த கருவி. துருவை எடு, இரும்பை விட்டுவிடு என்று அதனிடம் சொல்ல முடியாது. பழைய மரையில் விட்டால் கொஞ்சம் இரும்பையும் சேர்த்துச் சீவிக்கொண்டு வரும், அதன் பிறகு போல்ட் தடையே இல்லாமல் இறங்குவதைப் பார்த்து நாமும் சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்படுவோம், ஆனால் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் மரை மெலிந்திருக்கும். கார்டு கவர் போல்ட் என்றால் பரவாயில்லை. ஹெட் போல்ட்டுக்கு அது கூடாது.

வெட்டாமல் சுத்தம் மட்டும் செய்ய த்ரெட் சேஸர் என்று தனியாகவே கிடைக்கிறது. கிடைக்கவில்லையா, நீங்கள் கழற்றிய பழைய ஹெட் போல்ட்டிலேயே ஒன்று செய்துகொள்ளுங்கள். மரை நன்றாக இருக்கும் போல்ட்டாகப் பார்த்து எடுத்து, மரை வைஸில் நசுங்காமல் பிடித்து, நீளவாக்கில் மூன்று காடி வெட்டுங்கள். ஹெட் போல்ட் கடினமான எஃகு, ஹாக்ஸா பிளேடின் பல்தான் போகும், அதனால் கிரைண்டரில் மெல்லிய கட்டிங் வீல் போட்டு வெட்டுவது நல்லது. வெட்டிய ஓரத்துப் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள். அழுக்கு போய்த் தங்கத்தான் அந்தக் காடி. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் முன்னே அரைச் சுற்று, பின்னே கால் சுற்று என்று இறக்கி, இறுகினால் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். இம்பாக்ட் கன் பக்கமே போக வேண்டாம்.

வேறு வழியே இல்லாமல் டேப்தான் கையில் இருக்கிறது என்றால், பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி) பார்க்காமல் விடாதீர்கள். 10 மில்லி போல்ட் 1.5 பிட்ச்சிலும் வரும், 1.25-லும் வரும். பிட்ச் கேஜ் இல்லாவிட்டால் போல்ட்டில் பத்து மரையை ஸ்கேலால் அளந்தாலே போதும், 15 மில்லி வந்தால் 1.5, 12.5 வந்தால் 1.25. பழைய எஞ்சின்களில் இஞ்ச் மரையும் உண்டு. அம்பாசிடரின் பழைய 1489 சிசி எஞ்சினில் இருந்தது அதுதான். 3/8 இஞ்ச் என்பது 9.5 மில்லி சொச்சம், அதில் 10 மில்லி டேப்பை விட்டால் அந்த ஓட்டை அன்றோடு முடிந்தது.

இப்போது டீசலுக்கு வருவோம். ஹெட் போல்ட் ஓட்டைகள் பலவும் அடி மூடியவை. ஊற்றிய டீசலோ, எண்ணெயோ, தண்ணீரோ அடியில் தங்கிவிட்டால் போல்ட் இறங்கும்போது அதற்குப் போக வழியில்லை, திரவம் சுருங்கவும் சுருங்காது. முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லிவிடும், ஹெட் இறுகியிருக்காது. இன்னும் மோசமானால் பிளாக்கே விரியும். நான் வேலை பழகிய பட்டறையில் நன்றாக இருந்த ஒரு பிளாக் இப்படித்தான் விரிந்தது, காரணம் ஓட்டையில் கிடந்த கொஞ்சம் எண்ணெய், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் சிரிஞ்சில் ஒரு டியூப் மாட்டி உறிஞ்சி எடுங்கள், பிரேக் கிளீனர் அடித்து பாட்டில் பிரஷ் போலச் சின்ன நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள், பிறகு கம்ப்ரஸர் காற்று. காற்று அடிக்கும்போது ஓட்டையின் மேல் துணி போட்டு, கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், அடியில் இருப்பதெல்லாம் நேராக முகத்துக்குத்தான் வரும். கடைசியில் ஒரு கம்பியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரமில்லாமல் வர வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய 10-ல் 9 பங்கு மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உராய்வுக்கே போகிறது. மிச்சம்தான் போல்ட்டை இழுத்து ஹெட்டை அமுக்குகிறது. ஒரு ஓட்டை துருவாகவும் பக்கத்து ஓட்டை சுத்தமாகவும் இருந்தால் ரெஞ்ச்சில் இரண்டும் ஒரே அளவைக் காட்டும், பிடிப்பு மட்டும் வேறு வேறாக இருக்கும். கேஸ்கட் மறுபடி போவது அந்த இடத்தில்தான்.

அப்புறம், ஓட்டையின் வாயைத் தடவிப் பாருங்கள். மேல் மரை சில சமயம் பொங்கி நிற்கும், ஓட்டையின் வாயைச் சரிவாகச் சீவும் கவுண்டர்சிங்க் பிட்டைக் கையால் ஒரு சுற்று விட்டால் சரியாகிவிடும், இல்லையென்றால் கேஸ்கட் அங்கே படியாது. இதையெல்லாம் சிலிண்டரையும் எண்ணெய் வழிகளையும் துணியால் அடைத்துவிட்டுச் செய்யுங்கள், பிளாக்கைக் கடைசியாகக் கழுவுவது இதற்குப் பிறகுதான். போல்ட்டின் மரையிலும் தலைக்கு அடியிலும் எஞ்சின் ஆயிலை மெல்லப் பூசினால் போதும், மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான். ஒரு அளவு வரை டைட் வைத்து, அதற்கு மேல் இத்தனை டிகிரி திருப்பு என்று மேனுவலில் இருந்தால் பெரும்பாலும் அது இழுபடும் வகை போல்ட், மேனுவல் அனுமதிக்காவிட்டால் புதுசு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஹெட் போல்ட்டைக் கழற்றியதும் ஓட்டையில் தண்ணீர் ஊறுகிறது. பிளாக் விரிசலா?
- ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: உடனே பயப்பட வேண்டாம். சில எஞ்சின்களில் சில ஓட்டைகள் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டிலேயே நேராகத் திறந்திருக்கும். மேனுவலைப் பாருங்கள். திறந்த ஓட்டைதான் என்றால் அந்த போல்ட்டுக்கு எண்ணெய் பூசாமல் மேனுவல் சொல்லும் சீலன்ட்டைப் பூசுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் மரை வழியாக மேலே ஏறும். மூடிய ஓட்டை என்று போட்டிருந்தும், துடைத்த பிறகும் ஊறிக்கொண்டே இருந்தால் பிளாக்கை பிரஷர் டெஸ்ட் செய்யாமல் மாட்டாதீர்கள்.

கேள்வி: என் பைக்கின் அலுமினிய கிராங்க் கேஸில் ஒரு ஓட்டையில் மரை முழுக்க உருவிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு சைஸ் பெரிய போல்ட் போடலாமா?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: சுவர் மெல்லிசாக இருந்தால் பெரிய போல்ட் அதையே பிளந்துவிடும். ஹெலிகாயில் போடச் சொல்லுங்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைச் சுருள் மரையாகச் செய்தது அது. அதற்கான அளவில் துளைத்து, அதற்கென்றே இருக்கும் டேப்பை விட்டு மாட்ட வேண்டும், பழைய போல்ட்டே அதில் சேரும். துளை சாயக் கூடாது என்பதால் கையில் டிரில் பிடித்துச் செய்ய விடாமல், டிரில்லிங் மெஷினில் நிறுத்தித் துளைக்கும் லேத் பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள்.