புகார் சொன்ன பிறகு போன பணம்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் வசிக்கிறேன். பொள்ளாச்சிக்கு இளநீர் ஏற்றும் வண்டி ஓட்டுகிறேன். வங்கிக் கணக்கும் பொள்ளாச்சியில்தான். வாகன அபராதம் பாக்கி என்று வந்த குறுஞ்செய்தியை நம்பி ஆதார் படம், கார்டு எண், ஓடிபி எல்லாம் கொடுத்துவிட்டேன். 18,000 ரூபாய் போனது. உடனே வங்கியின் உதவி எண்ணில் புகார் சொன்னேன். இருபது நிமிடம் கழித்து இன்னும் 30,000 போனது. ஓடிபி கொடுத்தது என் தவறு என்கிறது வங்கி. காவல் நிலையத்திலோ, ‘தமிழ்நாட்டில் போய்க் கொடுங்கள்’ என்கிறார்கள்.

பதில்: அந்த ‘இருபது நிமிடம்’தான் உங்கள் வழக்கு.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவர் தலையில். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் தலையில். ஆகவே 30,000-க்கு வங்கி பதில் சொல்லியாக வேண்டும். 18,000-க்கும் வாதாடலாம், ஆனால் ஜெயிக்கும் என்று ஆசை காட்டி உங்களிடம் ஃபீஸ் வாங்க மாட்டேன்.

நீங்கள் பேசிய நேரத்தைக் காட்டும் அழைப்புப் பட்டியலை இன்றே படம் எடுத்து வையுங்கள். நாளானால் போனிலிருந்து அழிந்துவிடும். பணம் எடுக்கப்பட்டதாக வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகளையும் சேர்த்து, கிளையில் எழுத்துமூலம் புகார் கொடுத்து முத்திரையுடன் நகல் வாங்குங்கள். மேலாளர் வாயால் சொன்ன ‘உங்கள் தவறு’ ஒன்றுக்கும் உதவாது; எழுதித் தரச் சொல்லுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

காவல் நிலையம் சொன்னது தவறு. மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடி வண்டிகளுக்குத்தான், புகார்களுக்கு அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கு முன், இதுவரை செய்யவில்லையென்றால், இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் கைமாறிய கணக்குகளில் மிச்சம் இருப்பதையாவது முடக்க அதுவே வழி.

புகாரில் ஆதார் படம் கொடுத்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். வெட்கப்பட்டு அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பெயரில் நாளை யாராவது கடன் வாங்கினால், முன்கூட்டியே சொல்லிவைத்த அந்த வரிதான் உங்களுக்குச் சாட்சி. அடையாளத் திருட்டுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டிவையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும், உங்கள் பெயரிலுள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையை இப்போது எடுக்காமல் இரண்டு மாதம் கழித்து எடுங்கள். புதுக் கடன் ஏதும் இருந்தால் அதற்குள் ஏறியிருக்கும்.