சுருதிப் பெட்டி இருக்க ட்ரோன் சிந்தசைசர் எதற்கு?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்): ஒரே சுரத்தை விடாமல் நீட்டி ஒலிக்கிற மின்னணு இசைக்கருவி, லைரா-8 என்ற ட்ரோன் சிந்தசைசர். இணையத்தில் அதைக் கேட்டதிலிருந்து வேறெதிலும் மனம் ஓடவில்லை. விலை அரை லட்சம் தாண்டுகிறது. அம்மா வீட்டில் பாட்டு சொல்லித்தருகிறார். "ராகினிப் பெட்டி நாள் முழுக்க சுருதி போடுதே, இதுவும் அதே ஙொய்ங்குதானே?" என்கிறார். வாங்கலாமா?

பதில்: கடைவீதிப் பக்கம் போய் 'ட்ரோன் இருக்கா' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டில் பறக்கவிட்டுப் படம் எடுப்பார்களே, அதை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள்.

அம்மா சொல்வதில் பாதி சரி. பாடுகிறவருக்குத் துணையாகச் சுருதி வேண்டுமென்றால் ராகினிக்கு மேல் எதுவும் தேவையில்லை. எத்தனை கட்டைச் சுருதி என்று திருப்பி வைத்தால் அங்கேயே நிற்கும். லைரா அப்படி நிற்காது. அதில் தனித்தனியே ஒலிக்கிற எட்டுக் குரல்கள், ஒவ்வொன்றுக்கும் சுருதியைத் திருப்பத் தனிக் குமிழ். பியானோ மாதிரி கட்டைகள் கிடையாது. எட்டையும் ஒரே ஷட்ஜத்துக்குக் கொண்டுவருவதற்குள் வந்த மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மீதிப் பாதியில்தான் அம்மாவோடு எனக்குக் கருத்து வேறுபாடு. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். 'ஒத்து ஊதுகிறான்' என்பதை நாம் ஏளனத்துக்குத்தான் பயன்படுத்துகிறோம். ட்ரோன் இசையில் நாதஸ்வரமே வராது, ஒத்துதான் கச்சேரி. பிரான்ஸின் இசையமைப்பாளர் எலியான் ராடிக், ஏஆர்பி 2500 என்ற சிந்தசைசரை வைத்துக்கொண்டு மிக மெதுவாக நகரும் இத்தகைய இசையையே பல ஆண்டுகள் செய்தார்.

ஒரே சுரத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றால், வீட்டுத் தம்புராவையே எடுத்துக்கொள்ளுங்கள். நடு இரண்டு தந்திகளும் ஒரே சுரம். ஒன்றின் பிருடையை, அதாவது தந்தியை முறுக்கும் திருகை, தலைமுடி அளவு திருப்பிவிட்டு இரண்டையும் சேர்த்து மீட்டினால் ஒலி ஏறி இறங்கி அலையடிக்கும். ஒன்று 220 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 220 அதிர்வு), மற்றது 221 என்றால் நொடிக்கு ஓர் அலை. வித்தியாசத்தை அரை ஹெர்ட்ஸாகக் குறைத்தால் இரண்டு நொடிக்கு ஓர் அலை. பாடகருக்கு இது அபஸ்வரம். ட்ரோன் சிந்தசைசர் வாங்குகிறவர் இந்த அலைக்குத்தான் காசு கொடுக்கிறார். எட்டுக் குரல்களையும் இப்படிச் சற்றே விலக்கி வைத்தால், அலைமேல் அலை விழுந்து, கையை எடுத்த பிறகும் ஒலி தன்போக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே வைக்கிற ஜீவா நூலை நகர்த்தினால் தந்தியின் ஒலி திடீரென்று விரிந்து ரீங்கரிக்கிறதல்லவா? லைராவில் அதற்கு இணையான இடம் என்று நான் சொல்வது, ஒரு குரல் இன்னொன்றின் சுருதியைப் பிடித்து உலுக்குகிற வசதியை. கொஞ்சம் திருப்பினால் ஒலிக்கு ஒரு கரகரப்பு வரும், மேலும் திருப்பினால் மணியோசை, அதற்கும் மேலே போனால் தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம். நேற்று வந்த ஒலியை இன்று அதே இடத்தில் குமிழை வைத்தும் பிடிக்க முடியாது. சிலருக்கு அதுதான் போதை, எனக்குச் சில நாட்களில் எரிச்சல். இன்னொன்று, அதன் தொடுமுனைகள் விரலின் ஈரத்தை வைத்து வேலை செய்கின்றன. உலர்ந்த விரலுக்கு ஒரு குரல், வியர்த்த விரலுக்கு இன்னொரு குரல்.

சரி, வாங்கலாமா? இப்போதே வேண்டாம். கணினி இருந்தால் விசிவி ராக் என்ற சிந்தசைசர் மென்பொருளின் இலவசப் பதிப்பை இறக்கி, நான்கு ஆஸிலேட்டர்களை (ஒலியை உண்டாக்குகிற பகுதிகள்) நெருக்கமாகச் சுருதி சேர்த்து ஓடவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கேளுங்கள், நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து உட்காரத் தோன்றுகிறதா, அணைக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்தும் உட்காரத் தோன்றினால் பணத்தை எடுங்கள். நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு பெட்டியை வாங்கி, பதினைந்தே நாளில் அலமாரிக்கு அனுப்பினேன். நல்ல பெட்டிதான். அதில் குமிழைத் திருப்பினால்தான் ஒலி மாறும், நான் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும்.

இணையத்தில் கேட்டேன் என்கிறீர்களே, எதில் கேட்டீர்கள்? செல்பேசி ஒலிபெருக்கியில் கீழ்ச்சுரங்கள் வரவே வராது. நல்ல ஹெட்போனில் மறுபடி கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி, ஐஜிஎஸ்டி, கூரியர்காரரின் கட்டணம் எல்லாம் தலையில் விழும். வெளிநாட்டுக் கடைக்காரர் போடுகிற விலையை உங்கள் விலை என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி (நாகலூர், ஏற்காடு): சேலத்தில் ஒருவரிடம் பழைய அனலாக் ட்ரோன் பெட்டி வாங்கினேன். அவர் வீட்டில் சுருதி கச்சிதமாக நின்றது. இங்கே கொண்டுவந்து காலையில் போட்டால் விலகிப்போகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அவரைத் திட்டுவதற்கு முன் அரை மணி நேரம் பொறுங்கள். சேலத்து வெயிலில் சுருதி சேர்த்த பெட்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிருக்கு வந்திருக்கிறது. அனலாக் ஆஸிலேட்டரின் சுருதி வெப்பத்தைப் பொறுத்து நகரும். தம்புராவை மலைக்குக் கொண்டுவந்தால் மட்டும் அப்படியே இருக்குமா?

பெட்டியைப் போட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வாருங்கள். அரை மணி கழித்துச் சுருதி சேர்த்து, செல்பேசியின் ட்யூனர் செயலியில் பாருங்கள். மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றால் பெட்டியில் கோளாறு இல்லை. நின்ற பிறகும் திடீர் திடீரென்று குதித்தாலோ, குமிழைத் தொடும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, குமிழுக்கு உள்ளே இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கலாம் அல்லது அழுக்கேறியிருக்கலாம். ரேடியோ, டிவி பழுது பார்ப்பவர்களிடம் கான்டாக்ட் கிளீனர் அடிக்கச் சொன்னால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உண்மையிலேயே பழுது என்றால் பேசித் தீர்க்கத்தான் பாருங்கள். அவர் வணிகர் அல்ல, தன் பழைய பொருளை விற்றவர். நுகர்வோர் சட்டத்தை வைத்து அவரை மடக்குவது கடினம்.

கேள்வி (சூரமங்கலம்): இந்திய இணையக் கடை ஒன்றில் வாங்கிய சிந்தசைசரிலிருந்து எந்நேரமும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல். புகார் சொன்னால், 'ட்ரோன் என்றால் அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள்.

பதில்: அந்த பதிலை எழுதியவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் 50-லும் 100-லும் வரும். ஐந்து கட்டைச் சுருதி கீழ் ஸ்தாயியில் 98 ஹெர்ட்ஸ். சிந்தசைசரின் குரல் ஒன்றை அந்த ஐந்து கட்டையில் வைத்துக் கேளுங்கள். நொடிக்கு இரண்டு அலை அடித்தால், பின்னணியில் பாடுவது மின்வாரியம்.

அடுத்து, கணினி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சிந்தசைசரில் நேராக ஹெட்போனைச் செருகுங்கள். இரைச்சல் போய்விட்டால் பெட்டி நல்ல பெட்டி. தனித்தனி சாக்கெட்டில் இருந்த கருவிகளுக்கிடையே எர்த் இணைப்பு வழியாக மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். யாராவது எர்த் பின்னை உடைத்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள், உயிர் ஆபத்து.

ஹெட்போனிலும் கேட்டால், ஒலிப்பதிவு, பில், அவர்கள் எழுதிய பதில் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு 1915-க்கு அழையுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் அசையாவிட்டால், கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கிற சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி (அம்மாப்பேட்டை): சால்டரிங் தெரியும், கையில் காசில்லை. நானே செய்யலாமா?

பதில்: தாராளமாக. சிடி40106 என்ற ஐசி ஒன்று வாங்குங்கள். அதில் ஆறு இன்வெர்ட்டர்கள் (வீட்டில் கரண்ட் போனால் ஓடுகிற பெட்டி அல்ல, வருகிற சிக்னலைத் தலைகீழாக்குகிற சிறு சுற்றுகள்). ஒவ்வொன்றுக்கும் ஒரு 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் ஆறு ஆஸிலேட்டர்கள் தயார். ஆறையும் தனித்தனி ரெசிஸ்டர் வழியாக ஒன்றுசேர்த்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுங்கள். 9 வோல்ட் பேட்டரி போதும். தறி மோட்டார் மாதிரி முரட்டு ஒலி வரும், மென்மையை எதிர்பார்க்காதீர்கள். பேட்டரி இறங்க இறங்க ஆறு குரல்களும் இடம் மாறும், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கவும் பார்க்கும். பழைய பேட்டரியை உடனே தூக்கிப்போடாதீர்கள். நான் செய்த பெட்டியில் எனக்குப் பிடித்த ஒலிப்பதிவு, பேட்டரி சாகும் கடைசிப் பத்து நிமிடத்தில் எடுத்தது.