இரட்டைக் குழந்தைகள் 34 வாரத்திலேயே பிறக்கலாம் என்கிறார்கள். என்.ஐ.சி.யூ.வை (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவை) நினைத்தால் பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்ல முடியுமா?

கேள்வியில் நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். இப்போது 31 வாரம். இரண்டு குழந்தைகளுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி. உங்கள் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போவதால் 34, 35 வாரத்தில் எடுத்துவிட வேண்டி வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். குழந்தைகளுக்கு ஆபத்தா, என்.ஐ.சி.யூ.வில் என்ன செய்வார்கள், தாய்ப்பால் கொடுக்க முடியுமா, ஒன்று மட்டும் முதலில் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் இரட்டைதான். 34 வாரம் முடிந்த சமயத்தில் பனிக்குடம் உடைந்து பிறந்தவர்கள். முதலில் பெண், அடுத்து பையன். இருவருமே என்.ஐ.சி.யூ.வில் இருந்துவிட்டுத்தான் வந்தார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். யார் பெரியவர் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் மருத்துவர் இல்லை. அங்கே உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், அப்புறம் தேடிப் படித்ததும்தான் இந்தப் பதில்.

ஆபத்தா என்றால், வசதியான என்.ஐ.சி.யூ உள்ள இடத்தில் 34 வாரத்தில் பிறக்கிற குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் பிழைத்து, நல்லபடியாக வளர்கிறார்கள். இரட்டைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள் என்பதால் மருத்துவமனைக்கு இது புதிய விஷயமும் இல்லை. ஆனாலும் "ரெண்டு கிலோ இருந்தா ஒண்ணும் ஆகாது" என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 34 வாரத்துக் குழந்தை சின்ன அளவில் இருக்கும் முழுமாதக் குழந்தை அல்ல. எடை நன்றாக இருந்தும் மூச்சில், சூட்டில், சர்க்கரையில், பால் குடிப்பதில் தடுமாறலாம். அதற்காகத்தான் அங்கே வைத்துப் பார்க்கிறார்கள்.

ஒரு பழைய கதை சொல்கிறேன், பயமுறுத்த அல்ல. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான், பேட்ரிக் என்று பெயர். ஐந்தரை வாரம் முன்னதாக, அதாவது ஏறக்குறைய உங்கள் மருத்துவர் சொல்கிற அதே 34 வாரக் கணக்கில். எடை இரண்டு கிலோவுக்கு மேல். அதிபரின் மகனுக்கு எந்த மருத்துவர் கிடைக்காமல் போயிருப்பார்? இருந்தும் இரண்டே நாளில் மூச்சுத்திணறலில் போய்விட்டான். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் திறந்து வைக்கிற சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் குறைமாதக் குழந்தைகளிடம் போதுமான அளவு இல்லை என்பதை மேரி எல்லன் ஏவரி என்ற மருத்துவர் 1959இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கையில் சிகிச்சை இல்லை. தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படும் என்று நியூசிலாந்து மருத்துவர்கள் லிகின்ஸும் ஹோவியும் காட்டியது 1972இல். ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற மருத்துவர் சர்ஃபாக்டன்ட்டையே குழந்தையின் நுரையீரலுக்குள் செலுத்தி வெற்றி கண்டது 1980இல். அன்று அதிபர் நினைத்தும் கிடைக்காதது இன்று எத்தனையோ என்.ஐ.சி.யூ.க்களில் கிடைக்கிறது.

அந்த ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி இப்போதே மருத்துவரிடம் பேசுங்கள். பீட்டாமெதசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. டெக்சாமெதசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. போட ஆரம்பித்து ஒரு நாள் ஆன பிறகு, ஏழு நாளுக்குள் பிறந்தால் பலன் அதிகம். அதனால்தான் "இன்றைக்கே போட்டுவிடலாமே" என்று நாம் அவசரப்பட்டாலும் அவர்கள் நாள் பார்த்துப் போடுகிறார்கள். உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் சில நாட்களுக்கு அது எகிறும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்து நீங்கள் கேட்காத ஒன்று. பிரசவம் பார்க்கப்போகிற அதே மருத்துவமனையில் என்.ஐ.சி.யூ இருக்கிறதா, அதில் ஒரே நாளில் இரண்டு படுக்கை கிடைக்குமா என்று கேளுங்கள். இரட்டைக்குத் தாயாகப் போகிற பலருக்கு இது தோன்றுவதில்லை. ஒரு இடம்தான் காலி என்றால் ஒரு குழந்தை இங்கே, ஒன்று வேறு ஊரில், நீங்கள் தையலோடு மூன்றாவது இடத்தில் என்று ஆகிவிடும். மாற வேண்டுமென்றால் குழந்தைகள் வயிற்றில் இருக்கும்போதே மாறுவதுதான் பாதுகாப்பு. பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் அனுப்புவது அதைவிடச் சிரமம். அப்புறம், உங்களுக்கு விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, திடீர் வீக்கம், குழந்தைகளின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், உடனே போய்விடுங்கள். ரத்த அழுத்தம் விளையாட்டு இல்லை.

சரி, உள்ளே என்ன நடக்கும்? முதலில் பார்க்கும்போது குழந்தையே தெரியாது, ஒயர்தான் தெரியும். நெஞ்சில் மூன்று ஒட்டுகள், காலில் சிவப்பு வெளிச்சம் எரிகிற ஒரு பட்டை, மூக்கிலோ வாயிலோ மெல்லிய குழாய், கையில் டிரிப். காலில் இருப்பது ஆக்சிஜன் அளவைக் காட்டுகிறது. குழந்தை காலை உதைத்தால் பட்டை நழுவும், உடனே மானிட்டர் அலறும். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் உயிரே போய்விடும். ஒரு நர்ஸம்மாதான் சொன்னார்: "ஸ்கிரீனைப் பார்க்காதீங்க, பிள்ளையோட நிறத்தைப் பாருங்க." கவனித்தேன், அவர்களும் அலாரம் அடித்தால் முதலில் குழந்தையைத்தான் பார்க்கிறார்கள், அப்புறம்தான் இயந்திரத்தை.

சில சமயம் உண்மையாகவே மூச்சு நின்று தொடரும். குறைமாதக் குழந்தையின் மூளை மூச்சை ஓட்டிப் பழகவில்லை என்பதால் இது நடக்கிறது. 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, இதயத் துடிப்பு குறைந்தாலோ கணக்கில் எழுதுவார்கள். பெரும்பாலும் பாதத்தையோ முதுகையோ லேசாகத் தடவினாலே மூச்சு திரும்பிவிடும். அடிக்கடி நடந்தால் கஃபீன் மருந்து கொடுப்பார்கள்; ஆமாம், காபியில் இருக்கிற அதே கஃபீன்தான். வளர வளர இது தானாகவே விலகிவிடுகிறது.

என் மகளுக்கு மூச்சுக்கு எந்த உதவியும் தேவைப்படவில்லை. மகனுக்குப் பிறந்தவுடனே முனகல், நெஞ்சு உள்வாங்கியது, சிபாப் வைத்தார்கள். அது மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றை அனுப்பி நுரையீரல் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிற கருவி, வென்டிலேட்டர் அல்ல. ஒரே வயிற்றில் இருந்தவர்கள், சில நிமிட இடைவெளி, இவ்வளவு வித்தியாசமா என்று இருந்தது. பொதுவாகவே இந்த வாரங்களில் பையன்களின் நுரையீரல் பெண் குழந்தைகளை விடக் கொஞ்சம் பின்தங்கியிருக்கும் என்றார்கள், இரண்டாவதாகப் பிறப்பவருக்கு மூச்சுச் சிரமம் வர வாய்ப்பும் சற்று அதிகமாம். இரட்டைகளின் தாய்க்கு என்.ஐ.சி.யூ.வில் இருக்கிற பெரிய வேதனையே இந்த ஒப்பிடுதல்தான் என்பேன். அவள் 20 மில்லி குடித்தாள், இவன் 8 மில்லிதான் என்று நாள் முழுக்க மனசு கணக்குப் போடும். வருகிற சொந்தக்காரர்களும் அதையேதான் கேட்பார்கள். ஒவ்வொரு குழந்தையையும் அதனுடைய நேற்றோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மஞ்சள் காமாலை அநேகமாக வரும். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பார்கள். 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஒரு நர்ஸ், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கவனித்ததில் தொடங்கியது இந்தச் சிகிச்சை. அதற்காக வீட்டுக்கு வந்ததும் நீங்களாகக் குழந்தையை வெயிலில் காட்ட வேண்டாம், குறைமாதக் குழந்தைக்குச் சூடும் குளிரும் சட்டென்று ஏறி இறங்கிவிடும்.

இனி பால். நாட்கள் நீள்வதற்கு இந்த வயதில் பெரும்பாலும் இதுதான் காரணம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் முறை மாறாமல் சேர்த்துச் செய்கிற திறமை 34 வாரத்தை ஒட்டித்தான் வர ஆரம்பிக்கிறது. வந்தாலும் நாலு வாய் உறிஞ்சிவிட்டுத் தூங்கிப் போவார்கள். அதனால் குழாய் வழியாகக் கொடுப்பார்கள். சிரிஞ்சின் உள்தண்டை உருவி எடுத்துவிட்டு, வெறும் சிரிஞ்சைக் குழாயில் செருகி, பாலை ஊற்றி, நர்ஸ் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். அழுத்தித் தள்ளமாட்டார். பால் தானாக, மில்லி மில்லியாக இறங்கும். வேகமாக இறங்கினால் கையைக் கொஞ்சம் தாழ்த்துவார். சில நாள் போனதும் அந்தச் சிரிஞ்சை என் கையிலேயே கொடுத்தார்கள். அப்போதுதான் அங்கே எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று தோன்றியது.

தாய்ப்பால் கொடுக்க முடியும், கொடுக்கவும் வேண்டும். நேரடியாக அல்ல, ஆரம்பத்தில் கறந்துதான். பிரசவமான சில மணி நேரத்திலேயே தொடங்குங்கள், சிசேரியன் என்றாலும். முதலில் சில சொட்டுச் சீம்பால்தான் வரும். கையால் கறப்பதே நல்லது, பம்பில் அது ஒட்டிக்கொண்டு வீணாகும். அப்புறம் 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது, ராத்திரியும் சேர்த்து. இரவில் ஒரு முறையாவது கண்டிப்பாகக் கறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குறைமாதக் குழந்தைகளின் குடலில் வரக்கூடிய ஒரு மோசமான அழற்சி, தாய்ப்பால் குடிப்பவர்களிடம் குறைவாக இருக்கிறது. இரண்டு பேருக்கும் பத்தவில்லையென்றால் மற்ற தாய்மார்கள் தானமாகக் கொடுத்த பாலோ, குறைமாதக் குழந்தைக்கான பால்மாவோ தருவார்கள். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை; ஒரு உடம்பு, இரண்டு வாய்.

குழந்தையின் நிலை சீரானதும் கங்காரு முறை பற்றிக் கேளுங்கள். அவர்களாகச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். டயப்பர் மட்டும் போட்டு, உங்கள் நெஞ்சில் தோலோடு தோலாக நிமிர்த்தி வைத்துக் கட்டிக்கொள்வது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத நிலையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. இன்று உலக சுகாதார நிறுவனமே, 2022 வழிகாட்டுதலில், குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த உடனே தொடங்கி நாளுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்கிறது. இரட்டை என்றால் உங்களிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று. என் கணவர் முதலில் "தொடவே பயமா இருக்கு" என்று ஒதுங்கி நின்றார். அப்புறம் முறை வைத்துக் கேட்க ஆரம்பித்தார்.

மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது "எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். "வீட்டுக்குப் போக இவனுக்கு இன்னும் என்ன பாக்கி?" என்று கேட்டுப் பாருங்கள், விவரமாகச் சொல்வார்கள். பெரும்பாலான இடங்களில் பார்ப்பது இவைதான்: இன்குபேட்டர் இல்லாமல் உடல்சூடு நிற்கிறதா, எல்லாப் பாலையும் வாயால் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா, சில நாட்களாக மூச்சு நிற்காமல் இருக்கிறதா. முதல் வாரத்தில் பிறந்த எடையில் 10 சதவீதம் வரை குறையலாம், திரும்ப ஏற இரண்டு வாரம்கூட ஆகும். தராசைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

ஒன்று முதலில் வந்துவிட்டால்? எங்களுக்கு அப்படித்தான் ஆனது, மகள் முதலில் வந்தாள். வீட்டில் இருந்தால் மகன் நினைப்பு, அவனிடம் போனால் இவள் நினைப்பு. சில மருத்துவமனைகளில் முதல் குழந்தையைத் தாயோடு வார்டில் தங்க அனுமதிப்பார்கள், முன்பே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் வீட்டில் ஒருவர், மருத்துவமனையில் ஒருவர் என்று நேரம் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் குழந்தையை மூன்றாவது ஆள் ஒருவர் பார்த்துக்கொள்ளப் பழகியிருந்தால் பெரிய உதவி. வீட்டில் எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். என்.ஐ.சி.யூ.வில் குப்புறப் படுக்க வைத்ததைப் பார்த்திருப்பீர்கள், அது மானிட்டர் இருப்பதால். பால் குடிக்க மறுத்தால், நெஞ்சு உள்வாங்கினால், உதடு நீலமானால், உடம்பு சில்லிட்டோ கொதித்தோ போனால், துவண்டு கிடந்தால் உடனே கிளம்புங்கள்.

டிஸ்சார்ஜ் காகிதம் இருவருக்கும் தனித்தனியாக வாங்குங்கள். விட்டமின் டி, இரும்புச் சத்துச் சொட்டு மருந்துகளின் அளவு இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்கும் திறன் சோதனை முடிந்துவிட்டதா, கண் சோதனை தேவையா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில் போடுவார்கள். தலை நிற்பது, குப்புற விழுவது, நடப்பது எல்லாம் பிரசவத் தேதியாகக் குறித்துக் கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும், இரண்டு வயது வரை. சுவரில் ஒரு தாள் ஒட்டி, யாருக்கு எத்தனை மணிக்குப் பால், யாருக்கு மருந்து என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ராத்திரி மூன்று மணிக்குக் குடித்தவருக்கே மறுபடி கொடுத்துவிட்டு, குடிக்காதவர் ஏன் கத்துகிறார் என்று யோசித்துக்கொண்டிருப்பது இரட்டைகள் உள்ள வீட்டில் ரொம்ப சகஜம்.