தொப்பை விழுந்த வீரர்கள்

கேள்வி: நாற்பதைத் தாண்டிய என் கணவர் ‘வாட்ச்மென்’ காமிக்ஸைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார். முகமூடி வீரர் கதையில் பெரியவர்களுக்கு அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: நாற்பதில் படிக்கத்தான் அது சரியான புத்தகம்! ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, 1986-87இல் 12 இதழ்களாக வந்தது. கதை நடக்கும் 1985இல், நிஜத்தில் 1974லேயே பதவி விலகிவிட்ட நிக்ஸன்தான் இன்னும் அமெரிக்க அதிபர். அணு ஆயுதப் போர் வாசலுக்கே வந்துவிட்டது. வீரர்களோ ஓய்ந்துபோனவர்கள். நைட் அவுலுக்குத் தொப்பை. பழைய உடுப்பு நிலவறையில் தொங்குகிறது. கல்லூரி நாட்களில் எனக்கு, இன்னொரு முகமூடி வீரரான ரோர்ஷாக்தான் ஹீரோ. இப்போது அந்த ஆளின் பிடிவாதத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

அப்புறம் படங்கள். பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது கட்டம். 5ஆம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: கட்டங்கள் கண்ணாடி பிம்பம்போல் பொருந்தும். நடுவில் நடுவில் வரும் கடற்கொள்ளைக் கதை மட்டும் எனக்கு இன்றும் இழுவைதான்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். வன்முறை அதிகம்.