குதிரைப் பல்: இந்த வாரக் கடிதங்கள்

புல்லைப் பாதி மென்று உருண்டையாகக் கீழே போடுகிறது. குடற்பூச்சி மருந்து கொடுத்தும் பலனில்லை. (ஊட்டி)

பூச்சி மருந்து பல்லை என்ன செய்யும்? குதிரைக்கு மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னத்துப் பக்கமும், கீழ்ப் பற்களின் நாக்குப் பக்கமும் தேயாமல் கூராகி, வாயைக் கிழிக்கும். டாக்டர் மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்தே வைக்கும் வாய்க்கவ்வி மாட்டி, அரத்தால் ராவிவிடுவார். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். கவ்வி இல்லாமல் கடைவாய்க்குள் கை விடாதீர்கள்.

குதிரைக்கு மொத்தம் எத்தனை பல்?

ஆணுக்கு 40, பெட்டைக்கு 36. ஒன்றிரண்டு கூடலாம்.

ஒரு மூக்கில் மட்டும் சளி, தாங்க முடியாத நாற்றம்.

வயது எழுதவில்லை, எத்தனை நாளாக என்றும் எழுதவில்லை. இப்படி எழுதினால் நான் எதை வைத்துச் சொல்வது? இரண்டு மூக்கிலும் ஒழுகினால் பெரும்பாலும் சளித் தொல்லை. ஒரு பக்கம் மட்டும், அதுவும் நாற்றத்தோடு என்றால் மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் இருக்கலாம். பின்பற்களின் வேருக்கு மேலேயே சைனஸ் இருக்கிறது. எக்ஸ்ரே எடுங்கள். வெறும் ஆன்டிபயாடிக் கொடுத்தால், நிறுத்தியதும் திரும்ப ஒழுகும்.

3 வயதுக் குட்டிக்கு மேல் அண்ணம் வீங்கி, முன்பல் மட்டத்துக்கு இறங்கிவிட்டது. தீனி எடுப்பதும் குறைவு. கம்பியைக் காய்ச்சிச் சுட்டால் சரியாகும் என்கிறார் வண்டிக்காரர். சுடலாமா?

கூடவே கூடாது. இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. அது நோயே அல்ல. இரண்டரை வயதில் நடு முன்பல் மாறும், மூன்றரையில் அடுத்தது, நாலரையில் ஓரப்பல். அந்த வயதில் அண்ணம் தடிப்பது இயல்பு. தீனி குறைவது பல் முளைக்கும் வலியால். பால்பல் தொப்பி மாதிரி கடைவாயில் சிக்கியிருந்தாலும் தின்னாது. அதை டாக்டர் எடுத்துவிடுவார். வண்டிக்காரர் சுட்டு, பத்து நாளில் குட்டி தின்றால் கம்பிக்குப் பேர். உண்மையில் பல் வெளியே வந்திருக்கும், அவ்வளவுதான். சுட்ட வாயோடு வந்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கக்கூடப் பயப்படும். கத்தியால் கீறுவதும் இதே கொடுமைதான். வாயில் புண் என்றால் ரணஜன்னிக்கும் (டெட்டனஸ்) வழி; குதிரைக்கு அது மிகச் சுலபமாக வரும். ஊறவைத்த தவிடும் பசும்புல்லும் கொடுங்கள். ஏற்கெனவே சுட்டிருந்தால் இன்றே ரணஜன்னி ஊசி போடுங்கள்.

அந்தியூர் சந்தையில் 10 வயது என்று வாங்கினேன். சரிதானா?

வாங்குவதற்கு முன்பு கேட்டிருக்க வேண்டும். மேல் ஓர முன்பல்லில் நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு இருக்கும். 10 வயதில் ஈறருகே தொடங்கும், 15இல் பாதிப் பல், 20இல் முழுப் பல். இரண்டு மூன்று வருஷம் முன்னே பின்னே போகும்.

கடிவாளம் மாட்டினால் தலையை உதறுகிறது.

அடிக்காதீர்கள். முதலில் வாயை டாக்டரிடம் காட்டுங்கள்.